கடைசித் துண்டில் இருக்கும் ஆபத்து
வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

நாய்க்குக் கடிக்கக் கொடுக்கும் பொம்மைகளையும் எலும்புகளையும் பற்றிச் சில மாதங்களாக வந்து சேர்ந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகத் தொகுத்துப் பதில் எழுதுகிறேன். கேள்விகள் பலவாக இருந்தாலும் என் பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே கவலைதான் ஓடுகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாயின் வயிற்றிலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் நான் எடுத்தவற்றில் முழு எலும்பும் முழுப் பொம்மையும் குறைவு. மென்று மென்று சிறுத்துப்போய், "இன்னும் கொஞ்சம்தானே இருக்கிறது, தின்று முடிக்கட்டும்" என்று வீட்டார் விட்டுவைத்த கடைசித் துண்டுகளே அதிகம்.

கேள்வி: எங்கள் நாய்க்குட்டிக்கு நான்கு மாதம் ஆகிறது. செருப்பு, நாற்காலிக் கால், மின்சார வயர் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. கடிக்க ஏதாவது கொடுத்தால் இந்தப் பழக்கம் இன்னும் வளர்ந்துவிடும் என்கிறார் என் கணவர். கொடுக்கலாமா, கூடாதா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள். கொடுக்காமல் இருந்தால்தான் நாற்காலிக் கால் தேயும். நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள் இருக்கும். ஏறத்தாழ மூன்றரை மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஆறேழு மாதத்திற்குள் 42 நிலைப் பற்கள் முளைத்துவிடும். இந்த இடைக்காலத்தில் ஈறு ஊறி உறுத்திக்கொண்டே இருப்பதால், எதையாவது கடித்தால்தான் குட்டிக்கு ஆறுதல் கிடைக்கிறது. ஆகவே இதைக் கெட்ட பழக்கம் என்று எண்ணி அதட்ட வேண்டாம். கடிக்க வேண்டும் என்ற தேவை இருக்கும்போது, கடிக்கலாம் என்று அனுமதித்த பொருள் ஒன்றும் கண்ணில் படாவிட்டால், அது உங்கள் செருப்பைத்தான் தேடிப் போகும்.

குட்டிகளுக்கென்றே செய்யப்படும் மென்மையான ரப்பர் பொம்மை இந்த வயதுக்கு ஏற்றது. இரு விரலால் அழுத்தினால் குழிந்து, விட்டவுடன் பழைய வடிவத்திற்கு மீள வேண்டும். சுத்தமான துணியை நனைத்து முறுக்கிச் சற்று நேரம் குளிர்பெட்டியில் வைத்துக் கொடுத்தாலும் ஈறு இதமடையும். ஆனால் நீங்கள் அருகில் இருக்கும்போது மட்டும் கொடுத்து, நூல் பிரியத் தொடங்கியதும் வாங்கிவிட வேண்டும். எலும்பு, கொம்பு, கடினமான நைலான் போன்றவற்றை இந்த வயதில் தொடவே வேண்டாம். பால் பல் ஊசிபோல் மெல்லியது. அது உடைந்து நோய்த்தொற்று உள்ளே இறங்கினால், அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப் பல்லின் முளையையும் கெடுத்துவிடும். பொம்மையில் சிறிது இரத்தக் கறையோ, தரையில் அரிசிமணி அளவு பல்லோ கிடந்தால் பதற வேண்டாம், அது இயல்பே. மின்சார வயர் மட்டும் பொம்மை கொடுத்துத் தீர்க்கிற விஷயம் அல்ல. அதைக் குட்டியின் வாய்க்கு எட்டாத உயரத்திற்கோ உறைக்குள்ளோ இன்றைக்கே கொண்டுபோய்விடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குட்டி வளரும், பொம்மை வளராது. இரண்டு மாதத்தில் வாய்க்குப் பெரிதாக இருந்த பந்து ஐந்து மாதத்தில் தொண்டைக்குள் போகும் அளவாகிவிடும்.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்திலிருந்து வீட்டு நாய்களுக்குச் சாப்பாட்டில் மிஞ்சிய எலும்பைத்தான் போட்டு வருகிறோம். எதற்கும் ஒன்றும் ஆனதில்லை. இப்போது மருத்துவர்கள் எல்லோரும் எலும்பே கூடாது என்கிறீர்கள். நாய் என்றால் எலும்பு தின்னத்தானே செய்யும்?

பதில்: உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. சமைத்த எலும்பைத் தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் இருக்கும் நாய்கள் ஏராளம். ஆனால் ஆபத்து நேரும் நாளில் அது எப்படிப்பட்ட ஆபத்தாக இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

எலும்புக்கு வளையும் தன்மையைத் தருவது அதில் உள்ள கொலாஜன் என்ற புரதமும் ஈரமும் ஆகும். வேகவைத்தாலும் பொரித்தாலும் சுட்டாலும் கொலாஜன் சிதைந்து ஈரமும் வற்றிப்போவதால், எலும்பு நொறுங்கும் தன்மையைப் பெற்றுவிடுகிறது. நாய் கடிக்கும்போது அது பொடியாவதில்லை, நீள வாக்கில் பிளந்து சிலாம்பு சிலாம்பாகப் பிரிகிறது. பறவைகளின் கால், இறக்கை எலும்புகள் உள்ளே குழலாக இருப்பதால், இந்தச் சிலாம்புகள் ஊசிமுனையோடு வரும். வாயிலும் நாக்கிலும் குத்துவதிலிருந்து, குடலைத் துளைத்து வயிற்றறை முழுவதும் சீழ் பரவுவது வரை இவற்றால் நேரலாம். குடலைத் துளைக்காத எலும்பும் சும்மா இருப்பதில்லை. நொறுங்கிய எலும்புத் துகள்கள் பெருங்குடலில் சுண்ணாம்புக் கட்டிபோல் இறுகி, நாய் முக்கி முக்கி ஓய்ந்து, கடைசியில் மயக்க மருந்து கொடுத்துக் கையால் எடுக்க நேர்ந்ததும் உண்டு. அந்த வேதனையைப் பக்கத்தில் நின்று பார்த்த வீட்டார் மறுபடி எலும்பு போட்டதில்லை.

உணவுக்குழாயில் சிக்குவதுதான் இவற்றில் மிக அவசரமானது. மார்புக்குள் நுழையும் இடம், இதயத்தின் அடிப்பகுதியைக் கடக்கும் இடம், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்திற்குச் சற்று முன்னால் உள்ள இடம் ஆகிய மூன்றிலும் உணவுக்குழாய் அதிகம் விரிய முடியாது. அங்கே எலும்பு சிக்கினால், அழுத்தத்தினால் குழாயின் சுவர் நேரம் ஆக ஆகச் செத்துக்கொண்டே வரும். எச்சில் ஒழுகுதல், திரும்பத் திரும்ப விழுங்குவது போன்ற முயற்சி, தண்ணீர் குடித்தவுடன் அப்படியே வெளியே வந்துவிடுதல், கழுத்தை நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்றல் ஆகிய அறிகுறிகளைக் கண்டால் "காலையில் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். அன்றே எண்டோஸ்கோப் என்ற கேமரா குழாய் வழியாக எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் நாயை, இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தால் என்னால் உறுதி சொல்ல முடிவதில்லை.

குப்பைக்கூடையையும் மறந்துவிட வேண்டாம். தட்டிலிருந்து எலும்பு போடாத வீடுகளின் நாய்களும் மூடியில்லாத குப்பைக்கூடையிலிருந்து அதை எடுத்துத் தின்றுவிட்டு வந்திருக்கின்றன.

கேள்வி: சமைத்த எலும்புதான் ஆபத்து, பச்சை எலும்பு நல்லது என்று சொல்கிறார்களே? கடையில் பொதியில் அடைத்து, நாய்களுக்கென்றே விற்கும் எலும்புகளாவது பாதுகாப்பானவையா?

பதில்: பச்சை எலும்பு சமைத்ததைப்போல் எளிதில் சிலாம்பாவதில்லை என்பது உண்மை. அதனால் அது பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. அதை விழுங்கினாலும் தொண்டையில் சிக்கும், கடினமாக இருந்தால் பல்லை உடைக்கும். சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் அதில் இருந்தால் நாய் நலமாக இருக்கும்போதே வீட்டுக் குழந்தையும் முதியவரும் நோயில் விழக்கூடும். நாய் எலும்பை வைத்து உருட்டிய தரை, அதன் வாய், அதைத் தொட்ட கை எல்லாமே கிருமிக்கு வழிதான். 2019-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நாய்களுக்காக விற்கப்பட்ட உலர்ந்த பன்றிக் காதுகளின் வழியாகச் சால்மோனெல்லா பரவி, 34 மாநிலங்களில் 154 பேர் நோயுற்றனர். அவை பச்சையாகக்கூட விற்கப்படவில்லை, உலர்த்தி விற்கப்பட்டவை என்பதைக் கவனியுங்கள்.

பெரிய தொடை எலும்புகளை வட்ட வட்டமாக அறுத்துத் தருகிறார்களே, அவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் மஜ்ஜையை நக்கி நக்கிச் சாப்பிடும் நாய், ஓர் அசைவில் அந்த வளையத்தைத் தன் கீழ்த்தாடையில் மாட்டிக்கொள்ளும். கீழ்க் கோரைப் பற்களைத் தாண்டி உள்ளே போன வளையம் திரும்பி வராது. ஒருமுறை அப்படி வந்த நாய் முன்கால்கள் இரண்டாலும் முகத்தைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. வளையத்திற்குக் கீழே உதடு கருநீலமாக வீங்கியிருந்தது. வீட்டில் எண்ணெய் தடவி இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், அதனால் ஈறுதான் கிழிந்ததே தவிர எலும்பு அசையவில்லை. மயக்கம் கொடுத்து, நாக்குக்கும் எலும்புக்கும் நடுவில் உலோகத் தகட்டை வைத்து, சிறு ரம்பத்தால் இரண்டு இடத்தில் அறுத்த பிறகுதான் அது கழன்றது. அந்த வளையத்தை நான் இன்றும் என் மேசையில் வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குக் காட்டுவதற்காக. மஜ்ஜையில் கொழுப்பு மிகுதி என்பதால், கணைய அழற்சி வந்த நாய்க்கும் வரக்கூடிய நாய்க்கும் அது வேறொரு வகையிலும் ஆகாது.

பொதியில் அடைத்து விற்கும் பதப்படுத்திய எலும்புகளும் சுட்டோ புகையூட்டியோ உலர்த்தியவையே. ஆகவே அவையும் சமைத்த எலும்பின் குணத்தையே கொண்டிருக்கும். 2010 நவம்பருக்கும் 2017 செப்டம்பருக்கும் இடையில் இத்தகைய எலும்புத் தின்பண்டங்களைப் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திற்கு 68 அளவில் புகார்கள் வந்தன. அவற்றில் சுமார் 15 நாய்கள் இறந்ததாகத் தெரிவிக்கப்பட்டிருந்தது. புகார் செய்யாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ. கண்ணாடித் தாள் சுற்றி, நாயின் படம் போட்டிருப்பதைப் பாதுகாப்புச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி: ஆறு வயது லாப்ரடார். மாட்டுக் கொம்பு கொடுத்தால் மணிக்கணக்கில் சத்தமில்லாமல் கடித்துக்கொண்டு படுத்திருப்பான். ஒரு வாரமாக வலது கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறது. பூச்சி கடித்திருக்குமா?

பதில்: பூச்சிக்கடியாகவும் இருக்கலாம். ஆனால் கொம்பு கடிக்கும் நாய்க்குச் சரியாகக் கண்ணுக்குக் கீழே வீக்கம் வந்தால் நான் முதலில் வாயைத்தான் திறந்து பார்ப்பேன். நாயின் மேல்தாடையில் பக்கவாட்டில் பெரிதாகத் தெரியும் நான்காம் முன்கடைவாய்ப் பல்லின் வேர், கண்ணுக்குச் சற்றுக் கீழேதான் முடிகிறது. அந்தப் பல் உடைந்து, உள்ளே இருக்கும் கூழ்ப்பகுதி திறந்து, வேர்நுனியில் சீழ் கட்டினால், வெளியே அது கன்ன வீக்கமாகத் தெரியும்.

இந்தப் பல் ஏன் இவ்வளவு எளிதாக உடைகிறது என்று தெரிந்துகொண்டால், எதைக் கொடுக்கக் கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும். நம் கடைவாய்ப் பற்கள் அம்மிபோல் அரைக்கின்றன. நாயின் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கத்தரிக்கோலின் இரு அலகுகள்போல் உரசிக்கொண்டு இறங்குகின்றன. சதையை அறுப்பதற்கு இது மிகச் சிறந்த அமைப்பு. ஆனால் அறுபடாத ஒன்று நடுவில் சிக்கிக்கொண்டால், தாடையின் முழு விசையும் அந்தப் பல்லின் வெளிப்பக்கத்தின் மீது விழுந்து, பலகை பெயர்வதுபோல் ஒரு சீவல் பெயர்ந்துவிடும். நாயின் பல்லின் மேலுள்ள எனாமலும் பெரும்பாலான இடங்களில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான கனமே உடையது. நம் எனாமலைவிட அது மிக மெல்லியது. பெயர்ந்த சீவல் சில நேரம் ஈறில் ஒட்டித் தொங்கிக்கொண்டிருக்கும். நாயோ வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். ஒரு பக்கமாகவே மெல்லுவது, கடினமான உணவை வாயிலிருந்து நழுவவிடுவது, முகத்தைத் தொட்டால் விலகுவது ஆகியவை மட்டுமே வெளியில் தெரியும் அடையாளங்கள். வலியை மறைப்பதில் நாய்க்கு நிகர் கிடையாது. அதனால்தான் மாதக்கணக்கில் நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

உங்கள் நாயைத் தாமதிக்காமல் அழைத்துச் சென்று பல் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். உடைந்த பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யலாம், இல்லையென்றால் பல்லை எடுத்துவிடலாம். மாத்திரை கொடுத்து வீக்கத்தை மட்டும் இறக்கிவிட்டு விட்டுவிட்டால், அது திரும்பவும் வரும். கொம்பை இன்றோடு நிறுத்துங்கள். குளம்பு, மான் கொம்பு, கல்போல் உலர்த்திய பாலாடைக்கட்டி, கடின நைலான், ஐஸ் கட்டி எல்லாமே இந்த வரிசையில் வருபவைதான்.

வாங்கும்போது செய்து பார்க்க இரண்டு எளிய சோதனைகள் உள்ளன. கட்டை விரல் நகத்தைப் பொருளின் மேல் அழுத்திப் பாருங்கள், தடம் பதிய வேண்டும். பிறகு, அதே பொருளால் உங்கள் முழங்கால் சிப்பியில் யாராவது ஒரு தட்டு தட்டினால் வலிக்குமா என்று எண்ணிப் பாருங்கள். வலிக்கும் என்று தோன்றினால் அது நாயின் பல்லுக்கும் ஆகாது.

கேள்வி: ராஹைட் என்று விற்கும் தோல் எலும்பு உண்மையான எலும்பைவிடப் பரவாயில்லையா?

பதில்: பல்லைப் பொறுத்தவரை பரவாயில்லை. வயிற்றைப் பொறுத்தவரை எனக்கு அதன்மீது நம்பிக்கை இல்லை. அது விலங்குத் தோலின் உள்ளடுக்கை இரசாயனங்களால் சுத்தம் செய்து, சுருட்டி உலர்த்தியது. எலும்புபோல் முடிச்சுப் போட்டிருப்பதால் எலும்பு என்ற பெயர் வந்துவிட்டது. எச்சிலில் ஊறி மென்மையான முனையை நாய் மெதுவாகக் கடித்துத் தின்றால் பெரிய தொல்லை இல்லை. முடிச்சு மட்டும் மிஞ்சியதும் அதை அப்படியே விழுங்கும் பழக்கம் பல நாய்களுக்கு உண்டு. விழுங்கிய தோல் துண்டு ஈரத்தில் ஊறிப் பருப்பதோடு, வயிற்றில் எளிதில் கரைவதும் இல்லை. நிதானமாக மெல்லும் நாய் என்றால், அதன் வாயைவிட நீளமானதாக வாங்கி, நீங்கள் அருகில் அமர்ந்திருக்கும்போது கொடுத்து, ஒரு விரல் நீளம் மிஞ்சும்போது வாங்கிவிடுங்கள். அவசர அவசரமாக விழுங்கும் நாய்க்கு இது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கடையில் நூறு வகை பொம்மை இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? குழந்தையின் பழைய பொம்மைகளைக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் உங்கள் நாய் எப்படிக் கடிக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் இனத்தையோ எடையையோ மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. சில நாய்கள் பொம்மையைத் தூக்கிக்கொண்டு திரியும், நக்கும், அணைத்துக்கொண்டு தூங்கும். சில நாய்கள் பத்தே நிமிடத்தில் அதைக் கூறுபோட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடும். முதல் வகைக்குத் துணிப்பொம்மை பல மாதம் வரும். இரண்டாம் வகைக்கு அதே பொம்மை, பஞ்சும் நூலும் கீச்சிடும் பிளாஸ்டிக் குமிழும் நிறைந்த ஆபத்துப் பொட்டலம். அந்தக் குமிழைத் தோண்டி எடுப்பதையே விளையாட்டாகக் கொண்ட நாய்கள் எத்தனையோ உண்டு. எடுத்ததும் அதை விழுங்கியும்விடும்.

அளவில் ஐயம் வந்தால் எப்போதும் பெரியதையே எடுங்கள். நாய் வாயை நன்றாகத் திறந்தாலும் பொம்மை முழுவதும் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் போகக் கூடாது. வெவ்வேறு உயரத்தில் இரண்டு நாய்கள் இருக்கும் வீட்டில், பெரிய நாயின் வாயை வைத்தே எல்லாப் பொம்மைகளின் அளவையும் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் இது என்னுடையது, அது உன்னுடையது என்ற பங்கீடு நம் கண்ணெதிரில்தான் நிற்கும்.

உள்ளே தின்பண்டம் வைக்கும் குழிவான ரப்பர் பொம்மைகளை நான் பெரிதும் விரும்புகிறேன். பல்லுக்கு இதமாக இருப்பதோடு, நாயின் மூளைக்கும் வேலை கொடுக்கின்றன. ஆனால் அவற்றில் துளை ஒன்றா இரண்டா என்று திருப்பிப் பாருங்கள். ஒரே துளை உள்ள பந்துக்குள் நாக்கை விட்டு நக்கும்போது உள்ளே காற்று வெற்றிடமாகி, நாக்கைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். நாக்கு வீங்க வீங்கப் பிடி மேலும் இறுகும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை இருந்தால் காற்று போய்வரும், இந்த விபத்து நேராது. உள்ளே வேர்க்கடலை வெண்ணெய் தடவிக் கொடுப்பவர்கள், அதன் பொருள் பட்டியலில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று கட்டாயம் படித்துப் பார்க்க வேண்டும். நமக்குத் தீங்கு செய்யாத அந்த இனிப்பு, நாயின் இரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும், கல்லீரலையும் பாழாக்கும்.

குழந்தையின் பழைய பொம்மைகள் வேண்டாம். குழந்தை பொம்மையைச் சப்பும், கடைவாயில் வைத்து நொறுக்காது. பொத்தான் கண், சக்கரம், பேட்டரி ஆகியவற்றைக் குழந்தை மூன்று வருடத்திலும் பெயர்த்திருக்காது, நாய் மூன்று நிமிடத்தில் பெயர்த்தெடுக்கும். பொத்தான் பேட்டரியைக் கடித்தாலோ விழுங்கினாலோ உணவுக்குழாய் வெந்துவிடும். அதைப்போல, குழந்தைப் பொம்மைகளுக்கென்று வகுத்துள்ள இரசாயனக் கட்டுப்பாடுகள் நாய்ப் பொம்மைகளுக்குப் பொருந்துவதில்லை என்பதால், புதுப் பொம்மையைக் கையில் எடுத்ததும் மூக்கருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். நெடி அடித்தால், சாயம் விரலில் ஒட்டினால், திரும்ப வைத்துவிடுங்கள்.

கேள்வி: டென்னிஸ் பந்து, மரக்குச்சி?

பதில்: டென்னிஸ் பந்தை எறிந்து விளையாடிவிட்டு எடுத்து வைத்துவிடுங்கள். படுத்துக்கொண்டு மெல்ல விடாதீர்கள். அதன் மேலுள்ள சுணையில் மண் படிந்ததும் அது உப்புத்தாள்போல் பல்லைத் தேய்க்கும். பெரிய நாயின் தொண்டையை அடைக்கும் அளவும் அதற்கு உண்டு. குச்சி வேண்டவே வேண்டாம். ஓடிவரும் நாயின் வாயில் குச்சியின் ஒரு முனை தரையில் ஊன்றிக்கொண்டால், மறுமுனை தொண்டையைத் துளைத்துவிடும்.

கேள்வி: கயிற்றுப் பொம்மை கடித்தால் பல் சுத்தமாகும் என்று வாங்கினோம். நேற்றிலிருந்து என் நாய் வாந்தி எடுக்கிறது, சாப்பிடவில்லை. இன்று காலையில் ஆசனவாயில் ஒரு நூல் தொங்குகிறது. மெதுவாக இழுத்து எடுத்துவிடலாமா?

பதில்: இழுக்காதீர்கள். இந்தக் கடிதம் வந்த அன்றே இவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன் என்றாலும், மற்றவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன். நூலின் ஒரு முனை வெளியே தெரிகிறது என்றால் மறுமுனை எங்கேயோ மாட்டியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது நாக்கின் அடியிலோ, இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாயிலிலோ மாட்டியிருக்கும். குடல் வழக்கம்போல் அந்த நூலைக் கீழே தள்ளப் பார்க்கும். நூல் வராததால் குடலே நூலின் மேல் ஏறி ஏறி, நாடா கோத்த பாவாடையின் இடுப்புபோல் கொசுவிக்கொள்ளும். அந்நிலையில் இறுகிய நூல் ஒவ்வொரு கொசுவத்தின் உள்வளைவிலும் வாள்போல் அறுத்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து நீங்கள் இழுக்கும் ஓர் இழுப்பு, பல இடங்களில் குடலை ஒரே நேரத்தில் கிழித்துவிடலாம்.

இத்தகைய நாயைப் பார்க்கும்போது நான் நாக்கைத் தூக்கி அடியில் பார்க்காமல் விடுவதில்லை. இளஞ்சிவப்புத் தசை மடிப்புக்குள் ஒரே ஓர் இழை புதைந்து, சுற்றிலும் சிவந்து தடித்திருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்கே தெரியும். கயிற்றுப் பொம்மை நீங்களும் நாயும் சேர்ந்து இழுத்து விளையாடுவதற்கு உகந்தது. ஆட்டம் முடிந்ததும் அலமாரிக்குள் போய்விட வேண்டும். பல்லைச் சுத்தம் செய்கிறது என்று நம்பி நாயிடம் தனியாக விட்டுவைக்கக் கூடாது.

கேள்வி: பொம்மையின் ஒரு பகுதியை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் உடனே என்ன செய்ய வேண்டும்? உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

பதில்: உப்புத் தண்ணீர் கொடுக்கவே கூடாது. அதிக உப்பே நாய்க்கு நஞ்சாகிவிடும். கூர்மையான எலும்பையோ பிளாஸ்டிக்கையோ வாந்தியாக மேலே கொண்டுவந்தால், அது இறங்கும்போது கிழிக்காத உணவுக்குழாயை ஏறும்போது கிழித்துவிடும். விழுங்கியது என்ன, எவ்வளவு, எப்போது என்பதைக் குறித்துக்கொண்டு, மீதமுள்ள பொம்மையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அந்த மீதத் துண்டைக் கொண்டுவாருங்கள் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். எலும்பும் உலோகமும் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். துணியும் மெல்லிய ரப்பரும் பல நேரங்களில் தெரிவதில்லை. கையில் மாதிரி இருந்தால், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடலாம், தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுக்கலாம். விழுங்கி நாலு நாள் ஆகிவிட்டது, நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று மறந்துவிடவும் முடியாது. இரைப்பையில் வாரக்கணக்கில் சும்மா கிடந்த ரப்பர் துண்டு ஒருநாள் குடலுக்குள் நகர்ந்து அடைத்துக்கொள்வது உண்டு.

மூச்சுத் திணறல் வேறு விஷயம். அங்கே நிமிடங்கள்தான் உண்டு. நாய் இருமிக்கொண்டிருந்தால் காற்று போகிறது என்று பொருள். அதை இருமவிட்டபடியே வண்டியில் ஏற்றுங்கள். சத்தமே வராமல் வாயைப் பிறாண்டி, நாக்கு நீலமானால் வாயைத் திறந்து பாருங்கள். பொருள் கண்ணுக்குத் தெரிந்து, பிடிக்கவும் முடிந்தால் மட்டும் எடுங்கள். கண்மூடித்தனமாக விரலை விட்டால் அது இன்னும் உள்ளே போகும். பந்து சிக்கியிருந்தால், தாடைக்குக் கீழே கழுத்தின் வெளிப்புறத்தில் பந்துக்குப் பின்னால் இரு கட்டை விரல்களையும் வைத்து, வாயை நோக்கி மேலும் முன்னுமாகத் தள்ளினால் பந்து நழுவி வெளியே வர வாய்ப்புண்டு. அதற்கும் வராவிட்டால் சிறிய நாயைத் தலைகீழாகப் பிடித்தும், பெரிய நாயை விலா எலும்புகளுக்குக் கீழே வயிற்றில் இருந்து முன்னோக்கி விசையாக அழுத்தியும் பார்க்கலாம். பொருள் வெளியே வந்த பிறகும் மருத்துவரிடம் காட்டத் தவற வேண்டாம்.

கேள்வி: பல் சுத்தத்திற்கென்று விற்கும் மெல்லும் குச்சிகள் பயன் தருமா?

பதில்: ஓரளவு பயன் தரும். 1997-இல் தொடங்கப்பட்ட வெட்டரினரி ஓரல் ஹெல்த் கவுன்சில் என்ற அமைப்பு, பல்லின் மேல் படியும் கிருமிப் படலமான பற்படலத்தையோ, அது இறுகி உண்டாகும் காரையையோ குறைப்பதாகச் சோதனைகளில் தெரிந்த பொருள்களுக்குத் தன் முத்திரையைப் பயன்படுத்த அனுமதி அளிக்கிறது. அந்த முத்திரையைப் பார்த்து வாங்கலாம். ஆனால் நகச் சோதனையையும் அளவுச் சோதனையையும் நீங்கள்தான் செய்ய வேண்டும். பற்படலம் இரண்டு மூன்று நாளில் இறுகிக் காரையாகத் தொடங்கிவிடும் என்பதால், நாய்களுக்கான பற்பசையால் தினமும் துலக்குவதற்கு ஈடாக எதுவும் இல்லை. நாம் பயன்படுத்தும் பற்பசையை நாய்க்கு உபயோகிக்கவே கூடாது.

கேள்வி: கடைசித் துண்டை வாங்கிவிடுங்கள் என்று எழுதுகிறீர்கள். என் நாயின் வாயருகில் கையைக் கொண்டுபோனாலே உறுமுகிறது. சில நேரம் நான் வருவதைப் பார்த்ததும் அவசரமாக விழுங்கியும்விடுகிறது. எப்படி வாங்குவது?

பதில்: மிக முக்கியமான கேள்வி. துரத்திப் பிடித்து வாயைப் பிளந்து பிடுங்கினால், அடுத்த முறை நாய் உங்களைப் பார்த்ததுமே விழுங்கும். அதை அதற்குக் கற்றுக்கொடுத்தது நாம்தான். உறுமலுக்காக அடிக்கவும் கூடாது. உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் எச்சரிக்கை இல்லாமல் கடிக்கக் கற்றுக்கொள்ளும். வீட்டில் குழந்தைகள் இருந்தால், நாய் எதையாவது மென்றுகொண்டிருக்கும்போது அருகில் போகவே கூடாது என்பதை அவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

பிடுங்குவதற்குப் பதிலாகப் பண்டமாற்று செய்யுங்கள். இன்றைக்கு அது அவ்வளவாக மதிக்காத ஒரு பழைய பொம்மையில் தொடங்குங்கள். அது பொம்மையைக் கடித்துக்கொண்டிருக்கும்போது சற்றுத் தள்ளி நின்றபடியே அதற்கு மிகவும் பிடித்த தின்பண்டம் ஒன்றைத் தரையில் போடுங்கள். பொம்மையை விட்டுவிட்டுத் தின்பண்டத்தைத் தின்ன வரும்போது "விடு" என்று ஒருமுறை சொல்லுங்கள், பொம்மையைத் தொடாதீர்கள். அது தின்று முடித்துப் பொம்மைக்குத் திரும்பிப் போகட்டும். நீங்கள் நெருங்கினால் இருப்பது போகாது, கூடுதலாக ஒன்று வரும் என்பது அதன் மனத்தில் பதிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். பதிந்த பிறகு, தின்பண்டத்தை மேலும் சற்றுத் தள்ளிப் போட்டு, அது போய்த் தின்னும் இடைவெளியில் பொம்மையை எடுத்துப் பார்த்துவிட்டு, பெரும்பாலான முறை திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பத்தில் ஒன்பது முறை திரும்பக் கிடைத்தால்தான், பத்தாவது முறை கடைசித் துண்டை நீங்கள் வைத்துக்கொள்ளும்போது அது சண்டைக்கு வராது. பற்களைக் காட்டி உடல் விறைத்து நிற்கும் அளவுக்கு முற்றியிருந்தால், தனியாக முயல வேண்டாம். நாய் நடத்தையில் பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு செய்யுங்கள். அதுவரை விழுங்கும் அளவுக்குத் தேயக்கூடிய எதையும் கொடுக்காமல், பெரிய ரப்பர் பொம்மை ஒன்றே போதும்.